36 பெரிதா, 44 பெரிதா?

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தபாலில் வந்த வாக்குச் சீட்டு. கீழே ஒரு கேள்வி: "மேம், இதுல டிக் அடிக்கணுமா, சீல் குத்தணுமா?"

முதல் வேலையாக அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். அப்புறம் கூப்பிட்டுத் திட்டினேன். வாக்குச் சீட்டைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவள் கையில் எம்.எஸ்சி. பட்டம் வேறு. திட்டி முடித்துவிட்டு, டிக்கும் வேண்டாம், சீலும் வேண்டாம், பிடித்தவருக்கு நேரே 1, அடுத்தவருக்கு 2 என்று எண் போட்டால் போதும் என்றேன்.

"இதுல ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே மேம்."

"அப்புறம் எதுக்குப் பட்டதாரித் தொகுதியில பதிவு பண்ணினே?"

"நான் எங்க பண்ணினேன்? காலேஜ்ல ஒரு சார் ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போனார். பணம்கூட அவரே கட்டிட்டார்."

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பல்கலைக்கழகத் தேர்தலின் பாதிக் கதை இருக்கிறது. மீதிப் பாதியையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் கணக்கு டீச்சர். இணைப்புக் கல்லூரி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தபோது மூன்று முறை செனட் தேர்தலுக்கு வாக்கு எண்ணும் மேற்பார்வைக்குப் போயிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். நமக்கு அங்கே இன்னும் பென்ஷன் ஃபைல் நகர வேண்டியிருக்கிறது. கணக்கு டீச்சரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், இந்தத் தேர்தலில் ஓட்டை எண்ணினால் மட்டும் போதாது, வகுக்கவும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியாட்களுக்காக ஒரு பத்தி. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் செனட் என்கிற பேரவை பெரிய சபை. அதைவிடச் சின்னதாகவும் அதைவிடப் பல மடங்கு அதிகாரத்தோடும் இருப்பது சிண்டிகேட், அதாவது ஆட்சிக்குழு. பணம், நியமனம், கட்டடம் எல்லாம் அங்கேதான் முடிவாகும். செனட்டில் பலர் பதவி வழியாக வந்து உட்காருவார்கள், சிலரை நியமிப்பார்கள், மீதியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு தொகுதி, முதல்வர்களுக்கு ஒன்று, பதிவு செய்த பட்டதாரிகளுக்கு ஒன்று, இப்படிப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். செனட்டுக்கு வந்தவர்களிலிருந்து சிலரை சிண்டிகேட்டுக்கு அனுப்ப இன்னொரு தேர்தல். அதனால் செனட் தேர்தலில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் சிண்டிகேட் மேல்தான்.

பட்டம் வாங்கியவனுக்குப் பல்கலைக்கழகத்தை நடத்துவதில் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணம் நம் நாட்டில் மெதுவாகத்தான் நுழைந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது செனட் உறுப்பினர்கள் அரசு நியமித்த ஆட்கள், ஆயுளுக்கும் பதவி. வைஸ்ராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆயுள் பதவியை முடித்து, சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்களில் 20 இடங்களைத் தேர்தலுக்குத் திறந்தது. நூறு பேர் வரை இருக்கக்கூடிய சபையில் இருபது. மீதி எல்லாம் நியமனம். அதற்கே அன்றைய தலைவர்கள், இது சீர்திருத்தம் அல்ல, கடிவாளம் என்று கொதித்தார்கள். 1923ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் தேர்தலுக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. ஒரு காலத்தில் பட்டதாரிகளுக்குத் தனி ஓட்டு இன்னொன்றும் இருந்தது: சட்ட மேலவையில் பட்டதாரித் தொகுதி. 1986இல் மேலவையைக் கலைத்தபோது அதுவும் போய்விட்டது. மிஞ்சியது இந்தத் தபால் ஓட்டு ஒன்றுதான்.

இப்போது என் மாணவியின் ஃபாரத்துக்கு வருவோம்.

தேர்தல் மேற்பார்வை என்றதும் எல்லாருக்கும் வாக்குப் பெட்டி, அரக்கு, சீல், எண்ணும் மேசை, சண்டை போடும் ஏஜென்ட் என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான். செனட் செக்‌ஷனில் ஒரு சூப்பிரண்டு இருந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கையில் எப்போதும் சிவப்புப் பென்சில். அவர்தான் சொன்னார்: "மேடம், நீங்க வர்றப்ப தேர்தல் முடிஞ்சிருக்கும். நீங்க ரிசல்ட்டைத்தான் எண்ணுறீங்க."

அவர் காட்டிய விண்ணப்பக் கட்டு ஒன்றை இன்னும் மறக்கவில்லை. பட்டதாரி பதிவுக்கான படிவங்கள். ஒரே நீல மை, ஒரே சாய்ந்த கையெழுத்து, ஒரே நாளில் எடுத்த டி.டி. அப்படிக் கட்டுக் கட்டாக. கீழே கையொப்பங்கள் மட்டும் வேறு வேறு. பட்டச் சான்றிதழ் நகல் எல்லாவற்றிலும் இருந்தது. கட்டணமும் சரி. எதை வைத்துத் தள்ளுவது? விண்ணப்பத்தை யார் நிரப்பினார் என்றோ, யார் பணம் கட்டினார் என்றோ எங்கள் விதியில் ஒரு வரி கிடையாது. பட்டம் இருக்கிறதா, கட்டணம் வந்ததா, அவ்வளவுதான் கேள்வி. ஐந்து வருடம் கழித்து வரப்போகிற தேர்தலுக்கு ஒருவர் பட்டமளிப்பு விழா வாசலிலேயே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுகிறார். என்னைக் கேட்டால் அது குற்றமில்லை, சாமர்த்தியம். ஆனால் சாமர்த்தியம் இல்லாத ஒரு நல்ல ஆசிரியர் ஜெயிக்க வழியே இல்லாமல் போவதும் அங்கேதான்.

அடுத்தது முகவரி. பட்டம் வாங்கிய வருடத்தில் கொடுத்த முகவரியில் யார் இருக்கிறார்கள்? வாக்குச் சீட்டு அனுப்பிய பத்து நாளில் உறைகள் திரும்ப ஆரம்பிக்கும். சூப்பிரண்டு அவற்றை ஒரு கோணிச் சாக்கில் போட்டு வைப்பார். உறை மேல் தபால்காரர் கையெழுத்து: "வீடு மாறிவிட்டார்", "இப்பெயரில் யாருமில்லை", "காலமானார்". ஒரு உறையில் மட்டும் ஒரு தபால்காரர், "காலமாகி 6 வருடம். மகன் துபாய்" என்று எழுதியிருந்தார். அந்தப் பட்டியலில் இதைவிடச் சரியான தகவல் வேறு எங்கும் கிடையாது. ஆனால் அதை வைத்துப் பெயரை நீக்க முடியாது; நீக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழை யார் கொண்டு வந்து கொடுப்பார்கள்? அதனால் அவர் அடுத்த தேர்தலிலும் வாக்காளர்.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம். பட்டத்தில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். உறுதிமொழிப் படிவத்தில் எந்தக் கையெழுத்துப் போட்டாலும் ஒன்றோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகவில்லை என்று ஒரு ஏஜென்ட் கை தூக்குவார். நான் அந்த அறையில் இருந்த மூன்று தடவையும் இதற்காக வாய் திறந்திருக்கிறேன். ஒரு தடவைதான் கேட்டார்கள்.

தபால் ஓட்டின் உறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாக்குச் சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அதில் பெயர் எழுதக் கூடாது. உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தகுதியுள்ள ஓர் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, சின்ன உறையோடு சேர்த்துப் பெரிய உறையில் போட வேண்டும். நாங்கள் முதலில் பெரிய உறையைப் பிரித்து, படிவத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, சரியென்றால் சின்ன உறையைப் பிரிக்காமல் பெட்டியில் போடுவோம். எல்லாம் கலந்த பிறகுதான் சின்ன உறைகளைத் திறப்போம். யார் யாருக்குப் போட்டார் என்று எங்களுக்கே தெரியாது. அழகான ஏற்பாடு. ஆனால் எத்தனை பேர் உறுதிமொழியைச் சின்ன உறைக்குள் வாக்குச் சீட்டோடு மடித்து வைத்துவிடுகிறார்கள் தெரியுமா? பெரிய உறைக்குள் படிவம் இல்லை, ஆகவே சின்ன உறையைத் திறக்க முடியாது; திறக்காமல் உள்ளே படிவம் இருப்பதை நிரூபிக்க முடியாது. போச்சு. ஒரு பெரியவர் வாக்குச் சீட்டோடு ஒரு கடிதமும் வைத்திருந்தார். கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் தாமதம், பொறுத்தருளவும் என்று. தேதிக்குள்தான் வந்திருந்தது. கடிதத்தில் அவர் பெயரும் ஊரும் இருந்ததால் ஓட்டு யாருடையது என்று அறைக்கே தெரிந்துவிட்டது. தள்ளினோம். அவ்வளவு மரியாதையான கடிதத்துக்காக ஓட்டு போனது இன்னும் உறுத்தல்தான்.

எண்ணும் அறைக்கு வந்துவிட்டோம். படித்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் தேர்தலில் செல்லாத ஓட்டு குறைவாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். டிக் அடித்தவர்கள். இரண்டு பேருக்கு 1 போட்டவர்கள். 1 போடாமல் 2-இல் ஆரம்பித்தவர்கள். முனைவர் பட்டம் வாங்கி, எல்லாக் காகிதத்திலும் போடும் பழக்கத்தில் மூலையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டவர்கள். எங்கள் அறையில் செல்லாதவற்றில் பாதிக்கு மேல் டிக்.

இரண்டாவது தடவை போனபோது ஒரு சீட்டு வந்தது. 1, 2, 3-க்குப் பதில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள். அழகான கையெழுத்து, ஏதோ ஓய்வு பெற்ற தமிழாசிரியராக இருக்க வேண்டும். ஒரு ஏஜென்ட் எழுந்துவிட்டார்.

"சார், இது 'க'. எழுத்து. எண்ணால போடணும்னுதான் விதி."

"ஐயா, அது ஒண்ணு. தமிழ் ஒண்ணு," என்றார் எதிர் ஏஜென்ட்.

"அப்ப அடுத்தது 'உ'வா, ரெண்டா?"

பதிவாளர்தான் தேர்தல் நடத்தும் அலுவலர். அவர் என்னைப் பார்த்தார். நான் சூப்பிரண்டைப் பார்த்தேன். சூப்பிரண்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மாநிலங்களவைத் தேர்தலுக்கான விதியில் இந்திய மொழி எண்களையும் ஏற்கிறார்கள், எண்ணைச் சொல்லால் எழுதினால்தான் கூடாது என்றார். நம் விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாதபோது அந்த வழியில் போகலாம் என்றார். பதிவாளர் ஏற்றுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து அவ்வளவு வருடத்தில் தமிழ் எண்ணால் ஒரு காரியம் நடந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

விதி அதோடு விடவில்லை. இருபது சீட்டு தாண்டி இன்னொன்று. இதில் 1, 2, 3 ஒழுங்காக இருந்தது. தாளின் தலையில் நடுவில் ஒரு பிள்ளையார் சுழி.

அதே ஏஜென்ட் மறுபடி எழுந்தார். "இப்பத்தானே சார் அது ரெண்டுன்னு தீர்ப்பு சொன்னீங்க? அப்ப இதுல ரெண்டு 'ரெண்டு' இருக்கு. செல்லாது."

அறையே சிரித்துவிட்டது, அவரும்தான். ஆனால் அவர் கேட்டது கேள்விதான். சுழி எந்த வேட்பாளர் பெயருக்கு நேரேயும் இல்லை, ஆகவே அது எண் கிடையாது. சரி, வாக்காளரை அடையாளம் காட்டும் குறியா? நாட்டில் கோடிப் பேர் போடுகிற குறி எவரை அடையாளம் காட்டும்? இன்னொருவர், அப்படியில்லை, சுழி போட்டு அனுப்புங்கள், என் ஆட்கள் யார் என்று நான் தெரிந்துகொள்கிறேன் என்று ஒரு வேட்பாளர் சொல்லியிருக்கலாமே என்றார். பதிவாளர் பத்து நிமிடம் யோசித்துச் செல்லும் என்றார். அன்று நான் தலையாட்டினேன். இன்று யோசித்தால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு சீட்டு முடிவை மாற்றவில்லை என்பதால் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இனி வகுத்தல்.

இந்த முறைக்கு 'ஒற்றை மாற்று வாக்கு' என்று பெயர். லண்டன் வழக்கறிஞர் தாமஸ் ஹேர் இதைப் பற்றி முதலில் எழுதியது 1857இல், நம் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே வருடம். ட்ரூப் என்ற இன்னொரு ஆங்கில வழக்கறிஞர் 1868இல் ஜெயிக்கத் தேவையான ஓட்டின், அதாவது கோட்டாவின், கணக்கைச் சீராக்கினார். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தனியாக உறுப்பினர் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1918 முதல் 1950 வரை, அவர்களை இந்த முறையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். படித்தவர்களிடம்தான் இதைச் சோதிக்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. நம் மாநிலங்களவைத் தேர்தலும் இதே முறை.

ஆசிரியர் தொகுதி ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன். யாரையும் கண்டுபிடிக்க முடியாதபடி எண்களையும் பாடங்களையும் மாற்றியிருக்கிறேன், நடந்தது அதுவே. மூன்று இடம், ஐந்து வேட்பாளர், செல்லும் ஓட்டு 240. முதல் விருப்பம் மட்டும் பிரித்து அடுக்கியபோது: இயற்பியல் 82, தமிழ் 55, வணிகவியல் 44, தாவரவியல் 36, பொருளியல் 23.

சாதாரணத் தேர்தலாக இருந்தால் வேலை முடிந்தது. இயற்பியல், தமிழ், வணிகவியல். வணிகவியல்காரர் அப்படித்தான் நினைத்தார். அவர் ஆட்கள் மாடிப்படியில் ஃபோன் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே சால்வை வந்து இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு முடிவைப் பலகையில் எழுதியபோது ஜெயித்தவர்கள் இயற்பியல், தாவரவியல், தமிழ்.

வணிகவியல்காரர் என் மேசைக்கு வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், எனக்கு 44 பேர். அவருக்கு 36 பேர். 36 பெரிசா, 44 பெரிசா?"

பதிவாளர் நாசூக்காகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் இவரை உட்காரச் சொன்னேன். இவர் காமர்ஸ் என்பதால் காசிலேயே சொல்லலாம் என்று தோன்றியது. விதியிலும் ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு நூறுதான்.

"சார், ஒவ்வொரு ஓட்டும் ஒரு ரூபாய். நூறு காசு. மொத்தம் 240 ரூபாய் வசூல். மூணு இடம், மூணோட ஒண்ணைக் கூட்டி நாலால வகுத்து, அதோட ஒரு காசு சேர்த்தா 60 ரூபாய் 1 காசு. அந்தக் காசு இருக்கறவர் உள்ள வரலாம். ஏன் அந்த ஒரு காசுன்னா, நாலு பேரால அவ்வளவு சேர்க்க முடியாது. மூணு பேராலதான் முடியும்."

"சரி."

"இயற்பியல் சார்கிட்ட 82 ரூபாய் இருக்கு. அவருக்குத் தேவை 60 ரூபாய் 1 காசு. மீதி 21 ரூபாய் 99 காசு. அதை அவர் வச்சுக்கிட்டா வீண். கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்து, அடுத்து யாருக்குத் தரணும்னு கேக்கறோம். 82 பேர்ல 8 பேர் 1 மட்டும் போட்டுட்டு நிறுத்திட்டாங்க. மீதி 74 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 29 காசு."

அந்த 74 சீட்டும் ரப்பர் பேண்ட் போட்டு மேசையில்தான் இருந்தன. நான் எடுத்துக் காட்டினேன், ஏஜென்ட்கள் முன்னாலேயே. அதில் 50 சீட்டில் 2 தாவரவியலுக்கு. தமிழுக்கு 6, பொருளியலுக்கு 10. வணிகவியலுக்கு 8.

"ஐம்பது பேரா?" என்றார்.

"ஐம்பது. 14 ரூபாய் 50 காசு. அவர் 36-ல இருந்து 50 ரூபாய் 50 காசுக்கு வந்துட்டார். நீங்க 2 ரூபாய் 32 காசு சேர்ந்து 46 ரூபாய் 32 காசு."

அவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, என் துண்டுத் தாளின் ஓரத்தில் தனியாகக் கூட்ட ஆரம்பித்தார். அதற்குப் பின் எனக்குப் பயம் போய்விட்டது. கூட்டுகிற ஆள் அடிக்க வரமாட்டார்.

அடுத்து, கடைசியில் இருந்த பொருளியல் நீக்கப்படுகிறார். அவர் சீட்டுகள் முழு ரூபாயாகவே மாறும்: அவருடைய 23 பேரில் 12 பேர் தாவரவியலுக்கு, 3 பேர் வணிகவியலுக்கு, 2 பேர் தமிழுக்கு, 6 பேர் யாருக்கும் இல்லை. தாவரவியல் 62 ரூபாய் 50 காசு. கோட்டாவைத் தாண்டியாயிற்று. பொருளியலிடம் இயற்பியலில் இருந்து வந்திருந்த 29 காசுச் சீட்டு பத்தையும் பிரித்தோம். கடைசியில் தமிழ் 59 ரூபாய் 32 காசு, வணிகவியல் 50 ரூபாய் 77 காசு. மிச்சம் இருப்பது ஒரே இடம். தாவரவியலின் உபரி வெறும் 2 ரூபாய் 49 காசு. அதை முழுக்க வணிகவியலுக்குக் கொடுத்தாலும் தமிழை எட்ட முடியாது. கோட்டா தொடாமலேயே தமிழ் உள்ளே.

அவர் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்க ஆளுங்ககிட்ட ஒண்ணு மட்டும் போடுங்கன்னு சொன்னேன் மேடம். ரெண்டு போட்டா நம்ம ஒண்ணுக்குக் கொறஞ்சிடும்னு."

எத்தனை படித்தவர்கள் இதை நம்புகிறார்கள்! நீங்கள் போடும் 2, உங்கள் 1-ஐத் தொடவே தொடாது. முதல் ஆளுக்குத் தேவை முடிந்தாலோ, அவர் ஆட்டத்தை விட்டுப் போனாலோதான் 2-ஐத் திறந்தே பார்ப்போம். அவர் ஆட்கள் 2 போடாததால் அவருக்கு நஷ்டம் இல்லை. மற்றவர் ஆட்களிடம் போய், "உங்க ஒண்ணு உங்க ஆளுக்கே இருக்கட்டும், ரெண்டு எனக்குப் போடுங்க" என்று கேட்காததுதான் நஷ்டம். தாவரவியல்காரர் மூன்று மாதமாகக் கல்லூரி கல்லூரியாகப் போய் அதை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

அன்று பதிவாளர் தண்ணீர் குடிக்கப் போனாரே, அதைக் கிண்டலாகச் சொன்னேன். உண்மையில் அவர் நிலைமை பாவம். யோசித்துப் பாருங்கள்: தேர்தலை நடத்துவது பதிவாளர். அந்தத் தேர்தலில் ஜெயித்து சிண்டிகேட்டுக்குப் போகிறவர்கள் அவருக்கு மேலே உட்காரப் போகிறவர்கள். பல பல்கலைக்கழகங்களில் பதிவாளரை நியமிப்பதே சிண்டிகேட்தான். நாளைக்குத் தன் ஃபைலில் கையெழுத்துப் போடப் போகிற ஆளின் வேட்புமனுவை இன்றைக்கு அவர் பரிசீலிக்க வேண்டும். தகராறு என்றால் வேந்தரிடம் போகும். வேந்தர் என்றால் ஆளுநர். அவர் முடிவே இறுதி என்று சட்டம் சொல்லும். அதையும் தாண்டி உயர் நீதிமன்றம் உண்டு, ஆனால் அதற்குள் பதவிக்காலம் பாதி ஓடியிருக்கும். வெளியிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற நீதிபதியையோ, வேறு பல்கலைக்கழக அதிகாரியையோ போட்டு நடத்தலாமே என்று நான் ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். ஃபைல் போட்டார்கள்.

மேலே இருப்பவர்களுக்கு இந்தத் தேர்தல் ஒரு தலைவலி என்பதும் உண்மை. 2024 செப்டம்பரில் மும்பைப் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளுக்கான பத்து செனட் இடங்களுக்குத் தேர்தல். வாக்குப்பதிவுக்குச் சற்று முன்னால் அரசு சொன்னதாகச் சொல்லித் தள்ளி வைத்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டு, இரண்டே நாள் தாமதத்தில் 24ஆம் தேதி நடத்த வைத்தது. பத்து இடத்தையும் உத்தவ் தாக்கரே கட்சியின் யுவசேனா அள்ளியது. ஏன் தள்ளி வைக்கப் பார்த்தார்கள் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் சண்டிகர். 2025 அக்டோபர் கடைசியில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் 91 பேர் கொண்ட செனட்டை 31ஆகச் சுருக்கி, பட்டதாரித் தொகுதியையே எடுத்துவிட்டு ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் பஞ்சாபின் கட்சிகளும் வளாகத்தில் திரண்டார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் மாணவியைத்தான் நினைத்துக்கொண்டேன். தெரியாத ஆட்களுக்கு, யாரோ கட்டிய பணத்தில், டிக்கா சீலா என்று கேட்டுக்கொண்டு ஓட்டுப் போடுகிறாள். அந்த ஓட்டைப் பறிக்கத்தான் அங்கே அறிவிக்கை. அதற்காகத்தான் அங்கே அவ்வளவு கூட்டம். பட்டியல் நாறுகிறது என்று இவ்வளவு எழுதினேன். அதற்காக ஓட்டையே எடுத்துவிட்டு மேலிருந்து நியமித்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு அது 1904ஐ விட்டு நாலு அடி பின்னால் போவதாகத் தெரிகிறது. பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். தபால்காரர் எழுதிய "காலமானார்" என்ற ஒரு வார்த்தையை ஏற்றுக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள். கட்டணத்தை அவரவர் கணக்கிலிருந்தே கட்டச் சொல்லுங்கள். மூன்றுமே ஒரு சிண்டிகேட் கூட்டத்தில் முடிகிற வேலை. ஆனால் அந்தப் பட்டியலால் ஜெயித்தவர்கள்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணவி நேற்று மறுபடி ஃபோன் செய்தாள். அவள் சீட்டில் இருந்த ஐந்து பேரைப் பற்றியும் விசாரித்தாளாம், இரண்டு பேருக்குத்தான் எண் போட மனசு வந்ததாம், மீதியை வெறுமனே விடலாமா என்று கேட்டாள். விடலாம் என்றேன். உறுதிமொழிப் படிவம் பெரிய உறையில் என்று மூன்று தடவை சொன்னேன்.

அந்த வணிகவியல்காரரும் பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். முடிவு வெளிவந்து இரண்டு வாரம் இருக்கும். முடிவுத் தாளின் நகல் வாங்கிப் போயிருந்தார். வழக்குப் போடப் போகிறார் என்று நினைத்து நெஞ்சு படபடத்தது.

"மேடம், உங்க தாளை நான் லெட்ஜர் மாதிரி போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியா வருது. ஆனா மொத்தம் 240 ரூபாய் வரல. 53 காசு கொறையுது."

"21 ரூபாய் 99 காசை 74 பேருக்குப் பிரிச்சோமே சார். தலைக்கு 29 காசு போக 53 காசு மிச்சம். பின்னத்தை விட்டுடணும்னு விதி."

"யாருக்கும் போகலையா அது?"

"யாருக்கும் போகல."

சிறிது நேரம் சத்தமில்லை. "சரி மேடம்," என்றார். "அப்ப டேலி."